ராஜாவைக் கூப்பிட்ட சத்தம்

"செக்கை செக் பண்ணி செக்கருக்கு அனுப்பியாச்சா?"

வங்கியின் கிளியரிங் பிரிவில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி காதில் விழுந்து பழகிப்போயிருக்கும். முதலில் வருவது பணம் கொடுக்கச் சொல்லி எழுதித் தரும் தாள். இரண்டாவது, தேதி சரியா, கையெழுத்து ஒத்துப்போகிறதா, எண்ணில் எழுதிய தொகையும் எழுத்தில் எழுதிய தொகையும் ஒன்றா என்று பார்க்கும் வேலை. மூன்றாவது ஒரு ஆள். ஒருவர் கணினியில் பதிந்ததை வேறொருவர் பார்த்து அனுமதித்தால்தான் பணம் நகரும். பதிபவர் மேக்கர், பார்ப்பவர் செக்கர். எங்கள் செக்கருக்குக் கட்டம் போட்ட சட்டை என்றால் உயிர். இடைவேளையில் செஸ் போர்டை விரித்துவிடுவார். ஆக நாலாவது செக் அவர் முதுகில், ஐந்தாவது அவர் வாயில்.

பிறகு அவர் மாறிப்போய் அந்த நாற்காலி எனக்கு வந்தது. அப்போதுதான் இந்தச் சொல்லைத் துரத்த ஆரம்பித்தேன். நாள் முழுக்க ஒரே சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று ஒரு அரிப்பு வரத்தானே செய்யும்.

அகராதியில் இதற்கு அர்த்தங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. தடுத்தல், அடக்கிவைத்தல், சரிபார்த்தல், டிக் குறி, கட்டம் போட்ட துணி, அமெரிக்காவில் ஓட்டல் பில், வங்கித் தாள், சதுரங்கத்தில் ராஜாவுக்கு வரும் ஆபத்து. ஏழெட்டுத் தனித்தனிச் சொற்கள் தற்செயலாக ஒரே சத்தத்தில் வந்து மாட்டிக்கொண்டதோ என்று தோன்றும். ஆங்கிலத்தில் அப்படி உண்டு. கிரிக்கெட் மட்டையான பேட்டுக்கும் வௌவாலான பேட்டுக்கும் வேர் வேறு. செக் அந்த வகை இல்லை. மேலே சொன்ன அத்தனையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அந்த வீட்டின் தலைவர் ஒரு பாரசீக அரசர்.

பாரசீகத்தில் அரசருக்கு ஷா என்று பெயர். அதன் பழைய வடிவம் க்ஷாயத்திய. மேற்கு ஈரானில் பெஹிஸ்தூன் மலைப்பாறையில் முதலாம் டேரியஸ் கி.மு. 520 வாக்கில் வெட்டிவைத்த கல்வெட்டில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறார். சமஸ்கிருத க்ஷத்திரியரும் இதே வேரில் பிறந்தவர்தான். கிரேக்கர்களோடு சண்டை போட்ட செர்க்சஸின் பெயருக்குள்ளும் இந்த வேர் ஒளிந்திருக்கிறது. மாகாண ஆளுநர்களைக் குறிக்கும் சத்ரப் என்ற சொல்லிலும் இருக்கிறது. அதிகாரம் செய்வது என்பதுதான் அடிப்படைப் பொருள்.

இவ்வளவு பெரிய ஆள் வங்கிக் கவுன்ட்டருக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பதுதான் கதை.

சதுரங்கம் இந்தியாவில் பிறந்து, ஏறக்குறைய 6ஆம் நூற்றாண்டில் பாரசீகத்துக்குப் போனது. சதுர் என்றால் நான்கு, அங்கம் என்றால் உறுப்பு: காலாள், குதிரை, யானை, தேர். பாரசீகர் வாயில் அது சத்ரங் ஆனது, அரேபியர் வாயில் ஷத்ரஞ்ச் ஆனது. பாரசீகர்கள் ஆட்டத்தோடு ஒரு மரியாதையையும் சேர்த்தார்கள். எதிராளியின் ராஜாவைத் தாக்கும் நிலை வந்தால் சத்தமில்லாமல் வெட்டிவிடக் கூடாது. "ஷா!" என்று குரல் கொடுக்க வேண்டும். உன் ராஜாவைப் பார்த்துக்கொள் என்று அர்த்தம். இன்றைய உலகச் சதுரங்க விதிகளில் அப்படிச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் சொல்லாமல் ஆடுகிறவரோடு இரண்டாவது ஆட்டம் ஆட எனக்கு மனம் வருவதில்லை.

அந்த "ஷா!" அரேபியர்களோடு ஐரோப்பாவுக்குப் போனது. இடைக்கால லத்தீனில் ஸ்காக்கஸ் ஆனது. பழைய பிரெஞ்சில் எஷெக். முன்னால் இருந்த 'எ' உதிர்ந்து, 1300 வாக்கில் ஆங்கிலத்தில் செக். இங்கே ஒரு வேடிக்கை. எஷெக் என்பதன் பன்மை வடிவம்தான் தேய்ந்து செஸ் ஆனது. அதாவது செஸ் என்றால் பல செக்குகள், ராஜாக்கள். அப்படிப் பார்த்தால் நாம் "ராஜாவுக்கு செக்" என்று கத்துவது "ராஜாவுக்கு ராஜா" என்று கத்துவதுதான். நடு சென்டர் என்கிற மாதிரி.

செக்மேட் பற்றி ஒரு பழைய சண்டை உண்டு. ஷா மாத் என்பது அதன் மூலம். மாத் என்பதை அரபுச் சொல்லாக எடுத்துக்கொண்டால் "இறந்தார்". பாரசீகச் சொல்லாக எடுத்துக்கொண்டால் "வழியற்று நிற்கிறார், திகைத்துப்போனார்". நான் பாரசீகக் கட்சி. ஆடுகிறவர்களுக்குத் தெரியும், சதுரங்கத்தில் ராஜா சாவதே இல்லை. மந்திரி போகும், யானை போகும், சிப்பாய்கள் கொத்துக்கொத்தாகப் போகும். ராஜாவை மட்டும் யாரும் எடுத்துப் பெட்டிக்குள் போடுவதில்லை. அவருக்கு நகர இடமில்லை என்று தெரிந்த கணத்திலேயே ஆட்டம் நின்றுவிடுகிறது. இறந்தார் என்பதைவிடத் திகைத்து நிற்கிறார் என்பது பலகையில் நடப்பதற்கு ரொம்பவே பொருத்தம். ஜெர்மானியர்கள் களைத்துப்போனவரையும் மங்கிய நிறத்தையும் 'மாட்' என்று சொல்வது இந்தச் செக்மேட்டிலிருந்து போன சொல்தான். அதுவும் சாவு இல்லை, அசதி.

சரி, செக் ஆட்டத்துக்கு வெளியே வந்தது எப்படி? ஒருவர் செக் சொன்னதும் மற்றவர் தன் திட்டங்களையெல்லாம் நிறுத்திவைக்க வேண்டும். என்ன கனவு கண்டுகொண்டிருந்தாலும் முதலில் ராஜாவைக் காப்பாற்றியாக வேண்டும். அந்தத் திடீர் நிறுத்தம்தான் முதலில் வெளியே வந்தது. 1300களிலேயே ஒருவரை மறித்து நிறுத்துவதும் ஆங்கிலத்தில் செக் ஆகிவிட்டது. வேட்டைப் பருந்து பழக்குகிறவர்களும் இதை எடுத்துக்கொண்டார்கள். துரத்தச் சொன்ன இரையை விட்டுவிட்டு நடுவழியில் கண்ணில் பட்ட ஏதோ அற்பப் பறவையின் பின்னால் பருந்து போய்விட்டால், அதற்கு செக் என்று பெயர். பிறகு தடுப்பது அடக்குவது ஆனது. அடக்குவதற்காகக் கண்காணிப்பது வந்தது. கண்காணிப்பு மெல்லச் சரிபார்ப்பு ஆனது. 'செக்ஸ் அண்ட் பேலன்சஸ்' என்று அமெரிக்க அரசியல் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது சொல்கிறார்களே, அதை வெறும் சரிபார்ப்பு என்று படித்தால் பாதிதான் புரியும். அது ஒருவரின் கையை இன்னொருவர் பிடித்துவைக்கும் ஏற்பாடு. அந்தச் சட்டத்தை ஏற்கச் சொல்லி 1787, 1788இல் எழுதப்பட்ட ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் இந்தச் சொல் அந்தப் பழைய பொருளில்தான் வருகிறது. ஐஸ் ஹாக்கியில் ஒருவரை உடம்பால் இடித்து நிறுத்துவதும் இதே செக்.

இதுவரை ஒரு கிளை. கத்தலில் இருந்து நிறுத்தம், நிறுத்தத்தில் இருந்து சரிபார்ப்பு. இன்னொரு கிளை பலகையில் இருந்து முளைத்தது. எனக்கு அதிகம் பிடித்தது அதுதான்.

சதுரங்கப் பலகைக்குப் பழைய பிரெஞ்சில் எஷெக்கியே, லத்தீனில் ஸ்காக்காரியம். இங்கிலாந்தை நார்மன் மன்னர்கள் ஆண்ட 1100களில், அரசருக்கு வர வேண்டிய பணத்தைக் கணக்கு பார்க்க ஒரு மேசை இருந்தது. அதன் மேல் கட்டம் போட்ட துணி விரித்திருப்பார்கள். பார்ப்பதற்கு அச்சு அசல் சதுரங்கப் பலகை. அந்த மேசையின் பெயர் அந்தத் துறைக்கே ஒட்டிக்கொண்டது: எக்ஸ்செக்கர். பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றைக்கும் 'சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்'. பட்ஜெட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறவரின் பதவிப் பெயருக்குள் சதுரங்கப் பலகை இருக்கிறது. முன்னால் உள்ள 'எக்ஸ்' சும்மா ஒட்டவைத்தது. பிரெஞ்சில் 'எஸ்' என்று தொடங்கும் சொல் லத்தீனில் 'எக்ஸ்' ஆகத்தான் இருந்திருக்கும் என்று படித்தவர்கள் நினைத்துத் திருத்திவிட்டார்கள். படித்தவர்கள் செய்யும் திருத்தங்களில் இப்படிச் சில அமைந்துவிடும்.

அந்த மேசை எப்படி இருந்தது என்று நமக்குத் துல்லியமாகத் தெரியும். அதன் பொறுப்பில் இருந்தவரே எழுதிவைத்திருக்கிறார். ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல், இரண்டாம் ஹென்றியின் கருவூலத் தலைவர். 1170களின் கடைசியில், ஆசிரியரும் மாணவரும் பேசிக்கொள்வது போல லத்தீனில் எழுதிய கையேடு அது. அலுவலக நடைமுறைக் கையேடுகளை எனக்குப் பொதுவாகப் பிடிக்காது. இது விதிவிலக்கு. மேசை பத்தடி நீளம், ஐந்தடி அகலம். காசுகள் உருண்டு விழாதபடி சுற்றிலும் நான்கு விரல் உயர விளிம்பு. மேலே கறுப்புத் துணி, அதில் கோடுகள். துணி ஈஸ்டர் தவணையில் புதிதாக வாங்கப்பட வேண்டும். கோடுகளுக்கு இடையே நெடுகப் பத்திகள். பென்னிக்கு ஒன்று, ஷில்லிங்குக்கு ஒன்று, பவுண்டுக்கு ஒன்று. அதற்கு அடுத்து இருபது பவுண்டுகள், நூறுகள், ஆயிரங்கள், பத்தாயிரங்கள்.

அன்றைக்கு அங்கே எழுத்தில் இருந்தவை ரோமன் எண்கள். அவற்றை வைத்துக் கூட்டிக் கழித்துப் பாருங்கள், தலை சுற்றும். மேசையில் அது விளையாட்டு மாதிரி. பென்னிப் பத்தியில் பன்னிரண்டு வில்லைகள் சேர்ந்தால் அவற்றை எடுத்துவிட்டு ஷில்லிங் பத்தியில் ஒன்று வைக்க வேண்டும். அங்கே இருபது சேர்ந்தால் பவுண்டில் ஒன்று. ஒன்றுமில்லாத இடத்தைக் காலியாக விட்டால் போதும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தன் கணக்கு எங்கே நிற்கிறது என்பது கண்ணால் தெரியும். மாவட்டம் மாவட்டமாக அரசருக்குப் பணம் வசூலித்துக் கொடுக்கும் ஷெரிஃப்கள் ஈஸ்டரிலும் செப்டம்பர் கடைசி மைக்கேல்மஸிலும் வந்து இந்த மேசை முன்னால் உட்கார வேண்டும்.

ஏன் இந்தப் பெயர் என்று மாணவர் கேட்கும் இடத்தில் ஃபிட்ஸ்நீல் துணியின் கட்டத்தோடு நிறுத்தவில்லை. சதுரங்கத்தில் இரண்டு அரசர்கள் மோதுவது போல இங்கேயும் முக்கியமாக இரண்டு பேருக்குத்தான் சண்டை, கருவூலத் தலைவருக்கும் கணக்குக் கொடுக்க வந்த ஷெரிஃபுக்கும், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள் என்கிறார். ஆடிட்டர் எதிரில் ரிஜிஸ்டர்களோடு உட்கார்ந்த யாருக்கும் இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. எட்டரை நூற்றாண்டாக அந்த மேசையில் மாறியது துணி மட்டும்தான்.

கட்டிய பணத்துக்கு ரசீது என்ன தெரியுமா? குச்சி. ஹேசல் மரத்தில் வெட்டியது, பெயர் டாலி. தொகைக்குத் தகுந்தபடி அதில் வெட்டுகள் போடுவார்கள். ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கைப் பருமன், நூறுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு முற்றிய பார்லி மணி அளவு. பென்னிக்கு மரத்தைச் செதுக்கி எடுக்காமல் கத்தியால் ஒரு கீறல் மட்டும். பிறகு குச்சியை நீளவாக்கில் பிளந்து ஆளுக்குப் பாதி. பின்னால் தகராறு வந்தால் இரண்டு பாதியையும் சேர்த்துவைத்துப் பார்க்க வேண்டும். வெட்டுகள் பொருந்தாவிட்டால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். இந்தக் குச்சிகள் 1826 வரை புழக்கத்தில் இருந்தன என்பதை நம்பவே சிரமமாக இருக்கிறது. வழக்கொழிந்தபின் மலையாகக் குவிந்துகிடந்ததை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபைக்கு அடியில் இருந்த உலைகளில் போட்டு எரித்தார்கள். உலை சூடேறிப் புகைபோக்கி வழியாகத் தீ பிடித்து, பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கட்டிடத்தின் பெரும்பகுதி அன்றிரவே எரிந்துபோனது. பழைய ரெக்கார்டுகளை அழிக்கும் வேலைக்கு எப்போதும் ஒரு மேற்பார்வையாளரைப் போடுவது சும்மா இல்லை.

இப்போது நம் தாளுக்கு வரலாம். இரண்டு கிளைகளும் ஒன்று சேரும் இடம் இது.

1700களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பணப் பத்திரங்களோடு ஒட்டிக்கொண்டிருந்த அடித்துண்டுக்கு செக் என்று பெயர். இன்றைய கவுன்ட்டர்ஃபாயில். பத்திரத்தில் தொகையை யாராவது திருத்திவிட்டால், கையில் வைத்திருக்கும் அடித்துண்டோடு ஒப்பிட்டுப் பிடித்துவிடலாம். மோசடியைத் தடுப்பது, அதனால் செக். குச்சியின் பாதி செய்த அதே வேலையை இந்தத் தாள் துண்டு செய்தது. பிறகு பெயர் அடித்துண்டில் இருந்து நழுவி முழுத் தாளுக்கும் போய்விட்டது. அப்படியானால் ஒரு செக் புத்தகத்தில் நியாயமாக செக் என்று அழைக்கப்பட வேண்டியது எல்லோரும் எழுதாமல் காலியாக விட்டுவிடும் அந்த இடதுபக்கத் துண்டுதான். வாடிக்கையாளர்களிடம் அதை நிரப்பி வையுங்கள் என்று நான் கெஞ்சியது கொஞ்சநஞ்சமில்லை.

எழுத்துக்கூட்டல் கதை இன்னும் சுவை. முதலில் அந்தத் தாளையும் சரிபார்க்கும் செக்கைப் போலவே எழுதினார்கள். அமெரிக்கர்கள் இன்றும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஜேம்ஸ் வில்லியம் கில்பார்ட் என்ற வங்கியாளர் வங்கித் தொழில் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில், பெரும்பாலோர் அப்படி எழுதினாலும் நான் 'க்யூ' போட்ட வடிவத்தையே எடுத்துக்கொள்கிறேன், குழப்பம் வராது, எக்ஸ்செக்கரோடும் ஒத்துப்போகிறது என்று அடிக்குறிப்புப் போட்டார். கத்தலில் இருந்து பிறந்த பேரனுக்குப் பலகையில் இருந்து பிறந்த சித்தப்பாவின் உடையைப் போட்டுவிட்டார்கள். இரண்டு பேரும் ஒரே பாட்டனின் வழி என்பதால் உடை பொருந்தியும் போயிற்று. தமிழில் இரண்டையும் 'செக்' என்றே எழுதுகிறோம், அதனால் இந்தத் தகராறு நமக்கு இல்லை.

'பிளாங்க் செக்' என்ற தொடர் வங்கியைத் தாண்டி வரலாற்றுப் புத்தகங்களுக்குள் போய்விட்டது. 1914 ஜூலை 5 அன்று ஜெர்மன் சக்கரவர்த்தி, செர்பியா விஷயத்தில் என்ன செய்தாலும் கூட நிற்போம் என்று ஆஸ்திரியா-ஹங்கேரிக்கு வாக்குக் கொடுத்ததை வரலாற்றாசிரியர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். தொகை எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொல்வதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் கிடையாது.

கட்டம் போட்ட துணி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, பலகை மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். ஏற்ற இறக்கம் நிறைந்த வாழ்க்கையை ஆங்கிலத்தில் 'செக்கர்டு' என்பதும் கறுப்பும் வெள்ளையும் மாறிமாறி வருவதால்தான். பிரிட்டிஷ் பிரதமர்கள் ஓய்வெடுக்கப் போகும் செக்கர்ஸ் மாளிகைக்கு மட்டும் இரண்டு விளக்கம் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் அந்த நிலத்தை வைத்திருந்தவர் எக்ஸ்செக்கரில் உத்தியோகம் பார்த்தவர், அதனால் வந்தது என்பது ஒன்று. அங்கே வளரும் செக்கர் மரங்களால் வந்தது என்பது இன்னொன்று. நான் எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

அமெரிக்கர்கள் இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நிறையவே விளையாடியிருக்கிறார்கள். பொருளை ஒப்படைத்துவிட்டு வாங்கும் டோக்கன் செக். சாப்பிட்டு முடித்ததும் வரும் பில் செக். மழையால் பேஸ்பால் ஆட்டம் நின்றால் இன்னொரு நாள் வந்து பார்க்கத் தரும் சீட்டு 'ரெயின் செக்'. 'ஆயிற்று' என்று சொல்வதற்கும் செக். பெர்லினில் கிழக்கையும் மேற்கையும் பிரித்த 'செக்பாயின்ட் சார்லி'யில் சார்லி யாரோ ராணுவ அதிகாரி என்று பலர் நினைக்கிறார்கள். ஆல்ஃபா, பிராவோவுக்கு அடுத்த மூன்றாவது சாவடி, அவ்வளவுதான். 1961 அக்டோபரில் அமெரிக்க டாங்கிகளும் சோவியத் டாங்கிகளும் அங்கே எதிரெதிரே நின்றன. கிட்டத்தட்ட ஒரு நாள் கழித்து இரண்டு தரப்பும் பின்வாங்கின. தடுப்பது, சரிபார்ப்பது, ராஜாவுக்கு ஆபத்து என மூன்று அர்த்தமும் ஒரே இடத்தில் கூடிய சாவடி வேறு எதுவும் எனக்கு நினைவில்லை.

தாள் குறைந்துவிட்ட இந்தக் காலத்தில் செக் எண்களுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் கடன் அட்டையின் கடைசி இலக்கம் எந்தக் கணக்கையும் குறிப்பதில்லை. அது 'செக் டிஜிட்'. வலமிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களை இரட்டிப்பாக்கி, இரட்டிப்பு ஒன்பதைத் தாண்டினால் அதன் இலக்கங்களைக் கூட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் மொத்தமாகக் கூட்டினால் விடை பத்தின் மடங்காக வர வேண்டும். அப்படி வரும்படி கடைசி இலக்கத்தை வைக்கிறார்கள். ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1954இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை இது. ஒரே ஒரு இலக்கம் தவறினால் கட்டாயம் பிடித்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் பிடிக்கும். பூஜ்யமும் ஒன்பதும் மாறினால் மட்டும் ஏமாந்துவிடும். என்னோடு வேலை பார்த்த செக்கர்களில் சிலர் இதைவிட மோசம், சிலர் இதைவிட மேல்.

மற்ற மொழிக்காரர்களும் இதே ராஜாவை வைத்துக்கொண்டு வேறு வேறு பக்கம் போயிருக்கிறார்கள். பிரெஞ்சில் எஷெக் என்றால் தோல்வி, பன்மையில் சதுரங்கம். போர்ச்சுகீசிய மொழி ஷாவை விட்டுவிட்டு ஷத்ரஞ்சைப் பிடித்துக்கொண்டது. அங்கே ஷத்ரேஸ் என்றால் சதுரங்கம், கட்டம் போட்ட துணி, பிரேசில் பேச்சு வழக்கில் சிறைச்சாலையும்கூட. கம்பிகளின் கட்டத்தைப் பார்த்து யாரோ வைத்த பெயர்.

கடைசியாக, இந்தக் குடும்பத்தில் சேராத இருவரையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் யாராவது கேட்பீர்கள். செக் குடியரசின் செக், அந்த மக்களின் பழங்கதையில் வரும் மூதாதை ஒருவரின் பெயர். எண்ணெய் ஆட்டும் செக்கு நம் சொந்தச் சொல். பாரசீக ராஜாவுக்கும் நம் செக்குமாட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மாதக் கடைசியில் கிளியரிங் பிரிவில் உட்கார்ந்து பார்த்தவர்கள் மட்டும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.